கருவாடு இல்லாத வீட்டில் கருவாட்டு மணம்: லைட் காட்டித்தரும் தீ அறிகுறிகள்

போன கச்சான் காற்று நேரம் மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம், கடற்கரைக்குக் கிட்ட ஒரு வீட்டுக்கு ஃபேன் பூட்டப் போனேன். ஏணியை நிமிர்த்த முதலே வீட்டுக்கார அம்மா பிடித்துக்கொண்டா. "மனே, ஃபேன் கிடக்கட்டும். மூணு நாளா வீட்டுக்குள்ள கருவாடு மணக்குது. குசினியில ஒரு துண்டு கருவாடும் இல்ல. எலி எங்கயோ இழுத்துக்கொண்டு போய் வச்சிட்டுப் போல. நீயும் ஒருக்காப் பாரன்." அலுமாரியை இழுத்து, கட்டிலுக்குக் கீழே கூட்டி, பழைய பெட்டிகளை எல்லாம் கொட்டித் தேடியிருக்கிறார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

மணத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். அது கூடத்துச் சுவரில் இருந்த லைட் சுவிட்சில் போய் நின்றது. "இந்த லைட் மினுங்குதா?" என்று கேட்டேன். "ஓம், ஒரு கிழமையா. மகன் ரெண்டு பல்ப்பு மாத்திட்டான்." மெயினை நிறுத்திவிட்டுத் தட்டைக் கழட்டினால், சுவிட்சின் பின்பக்கம் பிஸ்கட் நிறத்துக்கு வந்திருந்தது. சிவப்பு வயரின் தோல் ஒரு விரல் நீளத்துக்குக் கறுத்து, தொட்டதும் புளியம்பழ ஓடு மாதிரி நொறுங்கியது. பக்கத்திலேயே அதே வயரில் கொளுவிய 5 அம்பியர் பிளக் ஒன்று. பள்ளிக்கூடச் சட்டைகளைத் தினமும் அயன் பண்ணுவது அதில்தான்.

சுவிட்ச், ஹோல்டர், பிளக் எல்லாம் செய்கிற சில வகைப் பிளாஸ்டிக்குகள் மெல்லச் சூடேறும்போது மீன் நாற்றம் போல ஒன்றை விடும். சிலர் அதை மூத்திர நாற்றம் என்பார்கள். எரிகிற மணமோ புகையோ வருவதற்கு நாட்கணக்கில் முன்னாலேயே இது வந்துவிடும். வேறு ஊரில் என்றால் வீட்டுக்குள் மீன் மணந்ததும் சனங்கள் யோசிப்பார்கள். நமது கரையோரத்தில் யார் யோசிக்கப் போகிறார்கள்? மீன் பாடும் தேன்நாட்டில் மீன் மணக்காமல் வேறென்ன மணக்கும்!

மகனுக்குக் கோபம். "ட்ரிப் சுவிட்ச் புதுசாப் பூட்டித்தானே இருக்கு அண்ணன், அது ஏன் விழல்ல?" இதே கேள்வியைத்தான் நான் போகிற எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது ஒன்றை மட்டும்: போன கரண்ட் முழுக்கத் திரும்பி வந்ததா என்று. வழியில் 30 மில்லி அம்பியர் அளவுக்கு நிலத்துக்கோ மனித உடம்புக்கோ ஒழுகினால் விழும். பிறேக்கர் பார்ப்பது வேறொன்றை: அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கிறார்களா என்று. வயரைப் பூட்டிய ஒரு மூட்டு லூசானால் இந்த இரண்டுமே நடக்காது. போன கரண்ட் அப்படியே திரும்பி வருகிறது, அளவும் கூடவில்லை. மூட்டு மட்டும் சூடாகிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு சூடு? 1000 வாட்ஸ் அயன் 230 வோல்டில் ஏறத்தாழ 4.3 அம்பியர் எடுக்கும். மூட்டில் 1 ஓம் தடை ஏறினால் போதும், 18 வாட்ஸ் சூடு அந்த ஒரு புள்ளியில் உட்காரும். றேடியோ திருத்துகிறவர்கள் ஈயம் உருக்கும் சோல்டரிங் அயன் 25 வாட்ஸ் அளவுதான். அப்படியொன்றைச் சுவருக்குள் கொளுத்தி வைத்துவிட்டு நாம் சட்டை அயன் பண்ணுகிறோம். 6 அம்பியர் பிறேக்கருக்கு 4.3 என்பது ஒரு கணக்கே இல்லை. வீட்டு வயரின் பிவிசி தோல் தாங்குவதோ 70 பாகை செல்சியஸ்.

இதில் பாவம் லைட். 9 வாட்ஸ் எல்ஈடி பல்ப்பு எடுக்கிற கரண்ட் எந்த மூட்டையும் சுடாது. ஆனால் அதே வயரில் தொங்குவதால் மூட்டு ஆடும்போதெல்லாம் லைட்டும் ஆடும். தீ பிடிக்கும் இடத்தைக் கண்ட சாட்சி அதுதான். நாம் பல்ப்பை மாற்றிச் சாட்சியின் வாயை அடைக்கிறோம். கீழே சாட்சி சொல்கிற விதங்களை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

தொடங்க முதல் ஒரு எல்லைக்கோடு. மீற்றரும் அதற்கு முன்னால் வருகிற சேர்விஸ் வயரும் மின்சார சபையுடையது. அதை உங்கள் மெயின் சுவிட்சால் நிறுத்த முடியாது, சீல் இருக்கிற இடத்தில் கை வைக்கவும் கூடாது. மெயினுக்குப் பிறகு வருவதில், மெயினை நிறுத்தித் திறந்து பார்க்கலாம், பல்ப்பு மாற்றலாம், திருகாணி இறுக்கலாம். அதற்கு மேல் போகிற வேலை தெரிந்தவருக்கு. நிறுத்திய பிறகு டெஸ்டர் வைத்துப் பாருங்கள், ஆனால் அந்த டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள ஒரு பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள். செத்த டெஸ்டரை நம்பிக் கையை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

"ஒரே ஒரு லைட் மட்டும் மினுங்குது"

மினுங்குகிற பல்ப்பைக் கழட்டி வேறு அறையில் போடுங்கள். அங்கே போயும் மினுங்கினால் பல்ப்பில்தான் பிழை, குப்பையில் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுங்கள். அங்கே ஒழுங்காக எரிந்தால் ஹோல்டரையும் சுவிட்சையும் பார்க்க வேண்டும்.

அமத்தித் திருப்பிப் பூட்டுகிற பின் பல்ப்பு ஹோல்டர் என்றால் உள்ளே இரண்டு பித்தளைக் குத்துகள் ஸ்பிரிங்கில் நிற்கும். மெயினை நிறுத்தி, ஒரு குச்சியால் அமத்திப் பாருங்கள். விட்டதும் துள்ளி எழும்ப வேண்டும். சோம்பலாக எழும்பினாலோ, ஒன்று உள்ளேயே கிடந்துவிட்டாலோ, நுனியில் கறுப்புக் குழி விழுந்திருந்தாலோ ஹோல்டர் முடிந்தது. முன்பு போட்ட 60 வாட்ஸ், 100 வாட்ஸ் குண்டு பல்ப்புகளின் சூட்டில் வெந்த பழைய ஹோல்டர்களில் இப்போது எல்ஈடி எரிகிறது. பல்ப்பு புதிது, ஹோல்டருக்கு இருபது வயது. அரத்தாளால் தேய்த்துத் திரும்பப் பூட்டாதீர்கள். நிறம் மாறிய ஹோல்டரை மாற்றத்தான் வேண்டும்.

திருகு பல்ப்பு என்றால் நடுவில் ஒரு நாக்கு இருக்கும். அது சப்பையாகப் போயிருந்தால் பல்ப்பு முழுக்கத் திருகியும் தொடாது, தொட்டும் தொடாமலும் நின்று பொறி விடும். கடற்கரை வீடுகளில் இன்னொன்று: நாக்கில் பச்சைக் களிம்பு. உப்புக்காற்று செய்கிற வேலை இது. விறாந்தை லைட்டிலும் கேற் லைட்டிலும் இரண்டு வருசத்துக்குள் பார்க்கலாம்.

சுவிட்சைத் தொடும்போது அல்லது அந்தக் கதவை அடித்துச் சாத்தும்போது மினுங்கினால் பிழை சுவிட்சில். தட்டைக் கழட்டி ஒவ்வொரு வயரையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒன்றாவது கையோடு வந்துவிடும். லைட்டுக்கு இழுக்கிற 1/1.13 வயர் ஒற்றைக் கம்பி. அதை ஒரு மடிப்பு மடித்துத் துவாரத்துக்குள் விட்டு இறுக்கினால்தான் திருகாணி பிடிக்கும். மடிக்காமல் விட்டால் திருகாணி ஒரு பக்கமாக வழுக்கிப் போய் உட்காரும். இறுக்கியது போல் கைக்குத் தெரியும், பிடித்திருக்காது. 2004 சுனாமிக்குப் பிறகு அவசர அவசரமாகக் கட்டிக் கொடுத்த வீடுகளில் இதை நிறையக் கண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு இத்தனை வீடு முடிக்க வேண்டும் என்று ஓடினால் மடிக்க எங்கே நேரம்? அந்த வயரிங்கின் வயது இப்போது இருபதைத் தொடுகிறது.

"ஒரு பக்கத்து லைட் எல்லாம் சேர்ந்து மங்குது"

தண்ணி மோட்டர் எடுக்கும்போது கண் சிமிட்டும் நேரத்துக்கு மங்கினால் பயமில்லை, மோட்டர் கிளம்பும்போது அப்படித்தான் இழுக்கும். அயனோ ரைஸ் குக்கரோ போட்ட நேரம் முழுக்க மங்கி, எடுத்ததும் வெளிச்சம் ஏறினால் அதை விட்டுவைக்காதீர்கள்.

இதைப் பிடிக்க எல்ஈடி உதவாது. இப்போது வருகிற எல்ஈடி பல்ப்புகள் பலவற்றுக்குள் வோல்ட் குறைந்தாலும் வெளிச்சத்தைச் சமமாக வைத்திருக்கிற சர்க்கிட் இருக்கிறது. வீட்டுக்கு நல்லது, வயரிங் பார்க்கிறவனுக்குக் கெட்டது. என் பையில் பழைய 60 வாட்ஸ் குண்டு பல்ப்பு ஒன்று எப்போதும் துணியில் சுற்றிக் கிடக்கும். வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அதன் வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். கண்ணால் பார்க்கலாம்.

அதை ஒவ்வொரு அறையாகப் போட்டு, மங்க வைக்கிற அந்த அயனையோ ரைஸ் குக்கரையோ அதே பிளக்கில் போடச் சொல்லுங்கள். பிறேக்கர்கள் இருக்கிற டி.பி. பெட்டிக்குக் கிட்ட உள்ள அறையில் தொடங்கித் தூரமாகப் போங்கள். கடைசியாக எந்த அறை வரை மங்காமல் நிற்கிறது, எந்த அறையில் மங்கத் தொடங்குகிறது என்று பார்த்தால், அந்த இரண்டுக்கும் நடுவில்தான் மூட்டு. எல்லா அறையிலும் மங்கினால் டி.பி. பெட்டியிலோ மெயினிலோ, அதற்கும் முன்னால் மின்சார சபையின் பக்கத்திலோ பார்க்க வேண்டும். கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் வயர்கள் சேர்கிற கட்டையை மறக்காதீர்கள். சிவப்பு வயரை இறுக்கிவிட்டுக் கறுப்பை அப்படியே விடுகிற பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. புதிய வயரிங் என்றால் பிரவுன் ஃபேஸ் (கரண்ட் வருகிற வயர்), நீலம் நியூட்ரல். பழைய வீட்டில் புது அறை இறக்கியிருந்தால் இரண்டு நிறமும் கலந்து கிடக்கும், நிறத்தை நம்பாமல் டெஸ்டரை நம்புங்கள்.

நடுவில் என்றேன். அந்த நடு அனேகமாகக் கூரைக்குள் இருக்கும். அஸ்பெஸ்டஸ் சீட்டுக்குக் கீழே, சீலிங்குக்கு மேலே, முறுக்கி டேப் சுற்றிய மூட்டு. கச்சான் வெயிலில் அந்த இடம் போறணை. டேப்பின் பசை உருகி, காய்ந்து, சுருள் சுருளாகக் கழன்று நிற்கும். அதற்குப் பக்கத்தில் எலிக்கூடு, தும்பு, காய்ந்த ஓலை, பிள்ளைகளின் பழைய கொப்பிக் கடதாசி. ஒருமுறை காரைதீவில் ஒரு வீட்டுச் சீலிங் பலகையைத் தள்ளிப் பார்த்தபோது அணில் கூடு ஒன்றின் நடுவால் வயர் போனது. தோலைக் கடித்து, பளபளவென்று செம்பு தெரிந்தது. குஞ்சுகளும் இருந்தன. வீட்டுக்காரர் குஞ்சு பெரிசாகும் வரை பொறுப்போம் என்றார். அந்த லைனை நிறுத்திவிட்டுப் பொறுத்தோம். இரண்டு கிழமை அந்த அறைக்கு லாந்தர்.

கூரைக்குள் மூட்டு வேண்டும் என்றால் கனெக்டர் போட்டு, அதை மூடி உள்ள பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். வேலை செய்கிறவர் "டேப் போதும்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

"சில லைட் வழமைக்கு மேலே எரியுது, ஃபேன் பறக்குது"

இதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே நடந்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு மெயினை இறக்குங்கள். றோட்டில் மூன்று ஃபேஸும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. உங்கள் வீட்டுக்கு ஒரு ஃபேஸ், பக்கத்து வீட்டுக்கு இன்னொன்று. நியூட்ரல் நல்லாயிருக்கும் வரை எல்லோருக்கும் 230 வோல்ட். மாரி காலத்தில் தென்னோலை விழுந்தோ காற்றில் ஆடி ஆடியோ நியூட்ரல் அறுந்தால், இரண்டு ஃபேஸுக்கும் நடுவிலான 400 வோல்ட் இரண்டு வீடுகளுக்கு இடையில் சமமில்லாமல் பிரியும். ஒரு வீட்டில் மங்கல், மற்ற வீட்டில் பல்ப்பு வெடிப்பு, டிவி புகை. பிறேக்கர் இதைத் தடுக்காது. மெயினை இறக்கி, 1987க்கு மின்சார சபையைக் கூப்பிட்டு "நியூட்ரல் போயிட்டு" என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்கும் குரல் கொடுங்கள். அவர்கள் வீட்டிலும் இதே கதைதான் நடக்கும்.

"சுவிட்சில சத்தம் கேட்குது"

இரண்டு சத்தம் உண்டு. டியூப் லைட் சோக் (பட்டைக்குள் இருக்கிற கம்பிச் சுருள்) தேனீ மாதிரி ஒரே சீராக முனகும், அது இரும்புத் தகடுகள் அதிர்வது. எரிச்சலூட்டும், ஆனால் உடனே ஆபத்தில்லை. மற்றது பொரிகிற சத்தம்: கடுகு தாளிப்பது மாதிரி, விட்டு விட்டு. அது பொறி. அந்தச் சுவிட்சை இனித் தொடாமல், அந்த லைனின் பிறேக்கரை இறக்குங்கள்.

காதுக்குக் கேட்காத பொறியைப் பிடிக்க ஒரு பழைய வித்தை இருக்கிறது. பட்டரி போட்ட சின்ன றேடியோவை எடுத்து, மீடியம் வேவில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, லைட்டைப் போட்டுவிட்டுச் சுவிட்ச், ஹோல்டர், பிளக் பக்கமாகக் கொண்டு போங்கள். லூஸ் மூட்டுக்குக் கிட்டப் போனால் கரகரவென்று ஒழுங்கில்லாமல் வெடிக்கும். எல்ஈடியும் றேடியோவைக் குழப்பும், ஆனால் அது ஒரே சீரான இரைச்சல். ஒருமுறை இரண்டையும் கேட்டால் மறக்காது. எஃப்எம்மில் இது சரிவராது. வீட்டில் அப்பப்பா வைத்துவிட்டுப் போன றேடியோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.

"சுவிட்ச் தட்டு சுடுது"

லைட் சுவிட்ச் சூடாகவே கூடாது. அதில் போகிற கரண்ட் அவ்வளவு சின்னது. லைட் ஒரு மணித்தியாலம் எரிந்த பிறகு புறங்கையைத் தட்டில் வையுங்கள், சுவரும் தட்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஃபேன் ரெகுலேற்றர் மட்டும் விதிவிலக்கு, பழைய வகை கொஞ்சம் இளஞ்சூடாகத்தான் இருக்கும். தட்டு மஞ்சளடித்திருந்தாலோ, தட்டுக்கு மேலே சுவரில் நிழல் விழுந்த மாதிரி மங்கல் இருந்தாலோ உள்ளே எப்போதோ வெந்திருக்கிறது. சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறவர்கள் அதை வடிவாக மறைத்துவிட்டுப் போவார்கள். பெருநாளுக்கோ தைப்பொங்கலுக்கோ பெயின்ற் அடிக்க முதல் தட்டுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.

"டியூப் விட்டு விட்டு எரியுது, ஓரம் கறுத்துட்டு"

டியூபின் இரண்டு ஓரமும் கறுத்து, எரிவேனா மாட்டேனா என்று துடித்தால் டியூபின் ஆயுள் முடிந்தது. இதை ஒரு கிழமை, இரண்டு கிழமை என்று விட்டுவிடுவார்கள். ஸ்டார்ட்டர் ஒவ்வொரு துடிப்புக்கும் சோக்கை அதிக கரண்டில் இழுக்கும். சோக் அதற்கேற்பச் சூடேறும்.

வீட்டில் இது சின்ன விசயம். மருதமுனைத் தறிக் கொட்டிலில் பெரிய விசயம். நூல் தறியில் ஓட ஓடப் பறக்கிற பஞ்சுத் தூசி டியூப் பட்டையின் மேல் மெத்தை மாதிரிப் படியும். நெசவாளர் ஒருவர் தன் தறிக்கு மேலே இருந்த பட்டையை எனக்குக் காட்டினார், விரலை வைத்தால் முதலாவது கணு வரைக்கும் பஞ்சுக்குள் புதைந்தது. அந்தப் பஞ்சுக்கு அடியில்தான் சோக். "வருசத்துக்கு ஒருக்கா நோன்புப் பெருநாளுக்குத் தட்டுவம்" என்றார். கிழமைக்கு ஒருமுறை தட்ட வேண்டும், லைட்டை நிறுத்தி, ஆறவிட்டு. சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலைகளிலும் தவிட்டுத் தூசியோடு இதே கதை. அங்கெல்லாம் மூடி இறுக்கமாக உள்ள, தூசி புகாத எல்ஈடி பட்டைக்கு மாறுவதுதான் சரி. தூசியை ஊதித் தள்ள வேண்டாம், கூட்டி அள்ள வேண்டும்.

தூசி என்றதும் இன்னொன்று. கோழிக்குஞ்சுப் பெட்டி. குஞ்சுக்குச் சூடு கொடுக்க 100 வாட்ஸ் குண்டு பல்ப்பை வயரிலேயே தொங்க விட்டு, கீழே உமியும் மரத்தூளும் பரப்பிவிட்டு இரவில் படுக்கப் போவார்கள். அந்தப் பல்ப்பின் கண்ணாடி தொட்டால் கொப்பளிக்கும் சூடு. வயர் இழுபட்டு உமியில் போய்ப் படுத்தால் விடியும்வரை அது பொறுக்காது. சங்கிலியால் தொங்க விடுங்கள், கம்பிக்கூடு போடுங்கள், உமிக்கும் பல்ப்புக்கும் நடுவில் ஒன்றரை அடியாவது விடுங்கள். வயர் கரண்டுக்கு, பாரம் தாங்க இல்லை.

"மழை பெய்தால் ட்ரிப் விழுது"

இது நல்ல செய்தி, ட்ரிப் சுவிட்ச் தன் வேலையைச் செய்கிறது. எல்லாப் பிறேக்கரையும் இறக்கி, ட்ரிப்பை ஏற்றி, பிறகு பிறேக்கர்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் ஒழுக்கு. எல்லாவற்றையும் இறக்கியும் விழுந்தால், நியூட்ரல் பக்கத்து ஒழுக்காகவும் இருக்கலாம், அது ஆள் கூப்பிட்டுச் செய்கிற வேலை. மாரியில் பெரும்பாலும் குற்றவாளி விறாந்தைக்கு வெளியே உள்ள லைட், அல்லது கேற் தூணில் உள்ள லைட். உள்ளே தண்ணீர் நிற்கும், அல்லது சிற்றெறும்பு மண் கொண்டு வந்து நிரப்பியிருக்கும். எறும்பு, பல்லி, குளவி மூன்றும் நமது ஊரில் வயரிங்கின் பங்காளிகள்.

ட்ரிப்பைத் தாண்டி நேரடியாக வயர் கொடுத்துவிட்டுப் போகிற ஆட்களும் இருக்கிறார்கள். "இனி விழாது" என்பார்கள். விழாதுதான். சிலர் பழைய கட்டவுட்டில் ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாகப் பிளக் வயரின் செம்பு இழைகளை முறுக்கிப் போட்டிருப்பார்கள், அதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுவிட்சை நிறுத்திய பிறகும் எல்ஈடி மங்கலாக மினுங்கினால் பெரும்பாலும் தீ ஆபத்தில்லை. ஆனால் சிலவேளை சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருப்பார்கள், அப்போது லைட் நின்ற பிறகும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். பல்ப்பு மாற்ற மெயினையே நிறுத்துங்கள்.

கோயில் சடங்கும் சீரியல் பல்ப்பும்

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வந்தால் பந்தல் முழுக்கச் சீரியல் பல்ப்பு. கீழே கிடுகு, தென்னங்குருத்துத் தோரணம், சாம்பிராணி, கற்பூரம். இந்த வயர்கள் மயிர் மாதிரி. அதை 13 அம்பியர் ஃபியூஸ் உள்ள பிளக்கில் கொளுவினால், ஃபியூஸ் போக முதல் வயர் போய்விடும். பிளக்கைத் திறந்து 3 அம்பியர் ஃபியூஸ் போடுங்கள், 700 வாட்ஸ் வரை அது தாங்கும், சீரியல் பல்ப்புகளுக்குத் தாராளம். மிஞ்சிய வயரைச் சுருட்டித் தூணில் கட்டாதீர்கள், சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை. மூட்டு எதையும் கிடுகின் மேல் படுக்க விடாதீர்கள். இரவு பூசை முடிந்ததும் பந்தலில் ஒரு ஆள் வயர் வழியே நடந்து கை வைத்துப் பார்த்துவிட்டுப் படுக்கட்டும். வயருக்குச் சூடே வரக்கூடாது. இளஞ்சூடு தெரிந்தாலும் அந்த மாலையைக் கழட்டிவிடுங்கள்.

எரியத் தொடங்கிவிட்டால் தண்ணி ஊற்றாதீர்கள். மெயினை இறக்குங்கள். கிட்டப் போக முடிந்தால் காய்ந்த மணல் அல்லது பவுடர் உள்ள தீயணைப்பான். சீலிங்குக்குள் புகை என்றால் பலகையைத் திறந்து பார்க்காதீர்கள், காற்றுப் புகுந்தால் தீ கூடும். ஆட்களை வெளியே எடுத்துவிட்டுத் தீயணைப்புப் படைக்கு 110. கூரைக்குள் போன தீயோடு வாளி தூக்கி மல்லுக்கட்டி நேரம் போக்காதீர்கள்.

பேப்பரில் மறுநாள் "மின்னொழுக்கு காரணமாக" என்று ஒரு வரி வரும். எல்லாத் தீக்கும் அதே வரிதான். ஒழுகியதா, மூட்டு வெந்ததா என்று பார்க்க மிச்சம் எதுவும் இருக்காது.

வயரிங் இருபது வருசம் கடந்த வீடு என்றால் ஆளைக் கூப்பிடும்போது "மெகர் வச்சுப் பாருங்க" என்று சொல்லிக் கூப்பிடுங்கள். 500 வோல்ட் கொடுத்து வயர்த் தோலின் பலத்தை அளக்கிற கருவி அது. ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைனைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மெகர் லூஸ் மூட்டைக் காட்டாது, அதற்குக் கையும் மூக்கும்தான். இரண்டும் வேண்டும்.

கல்லடி வீட்டில் சுவிட்சை மாற்றி, வெந்த வயரை வெட்டி எறிந்து, அயனுக்குத் தனியாக டி.பி. பெட்டியில் இருந்து 7/0.67 வயர் இழுத்துக் கொடுத்தேன். கிளம்ப முதல் டி.பி. பெட்டி மூடியைத் திறந்து பார்த்தால் ஐந்து பிறேக்கர், ஒன்றிலும் எழுத்தில்லை. எது எந்த அறைக்கு என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மகனிடம் பேனையைக் கொடுத்து ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னேன். அம்மா உள்ளே இருந்து "கூடம் போச்சு", "குசினி போச்சு" என்று கத்த, அவன் மூடியின் உட்பக்கத்தில் எழுதினான். கடைசிப் பிறேக்கரை இறக்கியபோது வீட்டுக்குள் எதுவும் போகவில்லை. வளவுக்குள் தேடிப்பார்த்தால் கிணற்றடி மாமரத்தில், கிளையோடு கிளையாக வளர்ந்துபோன ஒரு ஹோல்டர்.